ரிட்டயர் ஆக மறுத்த ஜெனரல்

ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் த ஜக்கால்' நாவலைப் படிக்காதவங்க, படமாவது பார்க்காதவங்க நம்மில் கம்மிதான். பிரெஞ்சு அதிபர் டி கோலைத் தீர்த்துக்கட்ட ஒரு கூலிக் கொலைகாரனை ஏற்பாடு பண்ற கூட்டம் அதுல வருமே, ஓ.ஏ.எஸ்.னு, ஞாபகம் இருக்கா? ஜக்கால் கற்பனை. ஓ.ஏ.எஸ். கற்பனை இல்லை. 'ரகசிய ராணுவ அமைப்பு' என்ற பெயரில் 1961, 1962-ல் அல்ஜீரியாவையும் பிரான்சையும் குண்டு வைத்து அலற வைத்த நிஜக் கூட்டம்.

அதுக்குத் தலைவர் யார் தெரியுமா? ரவுடியோ, தாதாவோ இல்லை. பிரெஞ்சு ராணுவத்திலேயே அதிகப் பதக்கம் வாங்கியவர்கள் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட, ஓய்வுபெற்ற ஒரு ஜெனரல். பேரு ரவுல் சலான்.

நாற்பது வருஷத்துக்கு மேல அரசாங்கம் சொன்னதைச் செய்த ஒரு மனுஷன், அறுபது வயசுக்கு மேல, தலைக்குச் சாயம் பூசி, மீசை வளர்த்து, கள்ளப் பெயரில் ஒளிந்து வாழ்ந்து, சொந்த நாட்டு சிப்பாய்களையே சுடச்சொல்லி உத்தரவு போடற நிலைக்கு எப்படி வந்தார்? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல அல்ஜீரியா. 1830-ல் பிரான்ஸ் அங்கே இறங்கியது. 1848-ல் அந்த நாட்டின் வடபகுதியை மூன்று மாவட்டங்களாகப் பிரித்து, "இது காலனி இல்லை, பிரான்சேதான்" என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பாரிஸ் மாதிரி, மார்செய் மாதிரி, அல்ஜியர்ஸும் பிரான்சின் ஒரு ஊர். காகிதத்தில்!

நிஜம் வேற. 1950-களில் அங்கே சுமார் பத்து லட்சம் ஐரோப்பிய வம்சாவளியினர். 'கறுப்புக்கால்கள்' என்று பட்டப்பெயர் (பிரெஞ்சில் பியே நுவார்). மூணு நாலு தலைமுறையா அங்கேயே பிறந்து, அங்கேயே புதைக்கப்பட்டவங்க. எல்லாரும் பெரிய பண்ணையார் இல்லை. பெரும்பாலோர் குமாஸ்தா, கடைக்காரர், மெக்கானிக். இன்னொரு பக்கம் சுமார் தொண்ணூறு லட்சம் அல்ஜீரிய முஸ்லிம்கள். 1947-ல் கொண்டுவந்த சட்டப்படி அல்ஜீரிய சபையில் அந்தப் பத்து லட்சத்துக்கு 60 இடம், இந்தத் தொண்ணூறு லட்சத்துக்கும் அதே 60 இடம். அதுக்கும் 1948-ல் நடந்த தேர்தலில் அப்பட்டமான தில்லுமுல்லு. வாக்குப்பெட்டியால ஒண்ணும் ஆகாதுன்னு புரிஞ்சவங்க துப்பாக்கியை எடுத்தார்கள். எஃப்.எல்.என். என்ற தேசிய விடுதலை முன்னணியின் போர் 1954 நவம்பர் 1 அன்று தொடங்கியது.

அந்தத் தேதியை இன்னொரு தடவை பாருங்க. 1954 நவம்பர் 1. நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக்கொடி இறங்கின அதே நாள்! கீழூரில் அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவிக்க, இரண்டே வாரத்தில் நிர்வாகம் கைமாறியது. அதே பிரான்ஸ், அதே நாள். இங்கே கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவங்க, அங்கே ஏழரை வருஷம் சண்டை போட்டாங்க. ஏன்? புதுச்சேரியில் பிரான்சுக்கு நினைவுகள் இருந்தன, அல்ஜீரியாவில் பத்து லட்சம் ஓட்டு இருந்தது என்பது ஒரு பதில். இன்னொரு பதில், அதே வருஷம் மே 7-ல் தியன் பியன் பூவில் வாங்கிய அடி. வியட்நாமில் தோற்ற ராணுவம், இன்னொரு தோல்விக்குத் தயாரா இல்லை.

இங்கேதான் சலான் வர்றார்.

1899-ல் தென் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். முதல் உலகப்போரின் கடைசி வருஷத்தில் இளம் அதிகாரியாகப் போர்முனை பார்த்தவர். 1924-ல் இந்தோசீனா போனார். அந்தப் பக்கத்து மொழி, பழக்க வழக்கம், அபின், அரசியல்னு எல்லாம் தெரிஞ்சு வெச்சிருந்ததால சகாக்கள் வைத்த பட்டப்பெயர் 'மாண்டரின்'. வாயைத் திறந்து மனசில் உள்ளதைச் சொல்ல மாட்டார். இரண்டாம் உலகப்போரில் 1944-ல் தெற்கு பிரான்சில் இறங்கிய படையில், செனகல் துப்பாக்கிப்படை ரெஜிமென்ட் ஒன்றை நடத்திப்போனார். கவனிங்க, பிரான்சை விடுவிக்கப் போன சிப்பாய்களில் பெரிய பங்கு ஆப்பிரிக்கர்கள். சலானுக்கு 'பேரரசு' என்பது வரைபடத்தில் பூசிய வண்ணம் இல்லை. கூட நின்னு செத்தவங்க முகம்.

1946-ல் ஹோ சி மின் பேச்சுவார்த்தைக்காக பிரான்ஸ் போனபோது, கூடவே பயணம் செய்த பிரெஞ்சு அதிகாரி இவர்தான். எதிரியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. பேச்சு தோற்று, போர் வந்தது. 1952-ல் இந்தோசீனாவின் தலைமைத் தளபதி ஆனார். அந்த வருஷக் கடைசியில் நா சான் என்ற இடத்தில் வியட்மின் படையைத் தடுத்து நிறுத்தினார். 1953-ல் மாற்றல். அவருக்கு அடுத்து வந்த நவார், நா சான் மாதிரியே ஒரு கோட்டையை தியன் பியன் பூவில் கட்டப்போய்தான் மொத்தமும் போச்சு.

ஆக, காலனி கையை விட்டுப் போறது எப்படி இருக்கும்னு இந்த மனுஷனுக்குத் தெரியாம இல்லை. தெரிஞ்சதுதான் பிரச்சினையே.

1956 கடைசியில் அல்ஜீரியாவுக்குத் தலைமைத் தளபதியாக அனுப்பினார்கள். வந்து ரெண்டு மாசம் ஆகலை. 1957 ஜனவரி 16 அன்று அவருடைய ஆபீஸைக் குறிவெச்சு ரெண்டு பஸூக்கா குண்டு. சலான் கொஞ்ச நேரம் முன்னாடிதான் அறையை விட்டுப் போயிருந்தார். அவருடைய உதவியாளரான மேஜர் ரோதியே செத்துப்போனார்.

சுட்டது யாருன்னு நினைக்கிறீங்க? எஃப்.எல்.என். இல்லை. 'அல்ஜீரியா பிரெஞ்சுக்காரனுக்கே' என்று கத்திக்கொண்டிருந்த தீவிரக் குடியேற்றவாசிகள்! இந்தோசீனாவை வித்துட்டு வந்தவன், இதையும் வித்துடுவான்னு அவங்களுக்குச் சந்தேகம். நாலு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடின தலைவர் இவரே. வரலாறு சில நேரம் சினிமாக்காரங்களைவிட மோசமா திரைக்கதை எழுதும்.

அந்த 1957-ல்தான் 'அல்ஜியர்ஸ் யுத்தம்'. பொன்டகோர்வோ 1966-ல் எடுத்த படத்தைப் பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டாம். ஜெனரல் மஸுவின் பாராசூட் படைக்கு போலீஸ் அதிகாரம் கொடுத்தாங்க. மின்சாரம், தண்ணி, சித்திரவதை. கூட்டிட்டுப் போனவங்க ஆயிரக்கணக்கில் திரும்பி வரவே இல்லை. மொத்தத்துக்கும் மேலே இருந்த தளபதி சலான். அதே ராணுவத்தில் பொல்லார்தியேர் என்று ஒரு ஜெனரல். அவரும் இந்தோசீனாவில் சண்டை போட்டவர், பதக்கங்கள் வாங்கியவர். "இந்த வேலை நம்மால ஆகாது" என்று தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டார், வெளிப்படையா எழுதவும் செய்தார். அவருக்குக் கிடைத்தது 60 நாள் சிறை. ஒரே பள்ளி, ஒரே போர்கள், ஒரே மாதிரி மார்பு நிறையப் பதக்கம், ஆனா ரெண்டு வேற மனுஷங்க. 'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க' என்று யாராவது சொன்னா எனக்கு பொல்லார்தியேர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

அடுத்து 1958. இது சலானின் பிற்காலத்துக்கு முக்கியம்.

பாரிஸில் ஆட்சிகள் மாசத்துக்கு ஒண்ணு கவிழ்ந்துகொண்டிருந்தன. புது அரசு எஃப்.எல்.என்.னோட பேசிடும்னு அல்ஜியர்ஸில் வதந்தி. மே 13 அன்று கூட்டம் அரசாங்க மாளிகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. ராணுவம் தடுக்கவில்லை. மே 15 அன்று மாளிகை உப்பரிகையில் நின்று கூட்டத்திடம் பேசிய சலான், முடிக்கும்போது "டி கோல் வாழ்க" என்றார். பின்னால் நின்ற ஒரு டி கோல் ஆதரவாளர் காதில் ஓதியதால் சொன்னார் என்பார்கள். எப்படியோ, அந்த ரெண்டு சொல் போதுமா இருந்தது. 24-ம் தேதி பாராசூட் வீரர்கள் கோர்சிகாவைப் பிடித்தாங்க. அடுத்தது பாரிஸ்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஜூன் 1-ல், பன்னிரண்டு வருஷமா பதவியில் இல்லாத டி கோல், சட்டப்படி பிரதமர்.

ஜூன் 4-ம் தேதி டி கோல் அல்ஜியர்ஸ் வந்தார். அதே உப்பரிகையில் நின்று, "உங்களைப் புரிந்துகொண்டேன்" என்றார். கூட்டம் அழுதது. ரெண்டு நாள் கழிச்சு மொஸ்தகனெமில் 'பிரெஞ்சு அல்ஜீரியா வாழ்க' என்றே சொல்லிவிட்டார். பக்கத்திலேயே நின்ற சலான் இதை வாக்குறுதின்னு எடுத்துக்கிட்டார். அவர் மட்டுமா, எல்லாருமே.

டி கோல் அப்போதே பொய் சொன்னாரா, பிறகு மனசு மாறினாரா என்று இன்னிக்கும் சண்டை போடறாங்க. எப்படி இருந்தாலும் அந்த வருஷக் கடைசியிலேயே சலானை அல்ஜீரியாவிலிருந்து கிளப்பிவிட்டார். பாரிஸில் ராணுவ கவர்னர் பதவி. பேரு பெருசு, வேலை அணிவகுப்பு மரியாதை வாங்கறது. 1959 செப்டம்பர் 16-ல் டி கோல் வானொலியிலும் டிவியிலும், அல்ஜீரியர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். 1960 ஜூனில் சலானுக்கு ஓய்வு.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கலாம். ஓய்வு பெறும் ஒரு சாதாரண அரசு ஊழியரை நினைச்சுப் பாருங்க. மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். மறுநாள் காலையில் ஒன்பது மணிக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். "நான் இருந்தப்போ இப்படியா?" என்பார். அதில் தப்பில்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சலானுக்கு நடந்ததும் அதேதான், அளவு மட்டும் வேற. அவருடைய ஆபீஸே மூடப்படுகிறது. நாற்பது வருஷம் செய்த வேலை, புதைத்த தோழர்கள், சிப்பாய்களுக்கும் கிராமத் தலைவர்களுக்கும் "பிரான்ஸ் உங்களைக் கைவிடாது" என்று கொடுத்த வாக்கு எல்லாத்தையும் ஒரு அரசியல்வாதி டிவியில் வந்து ஒரே உரையில் செல்லாது என்று சொல்லிவிட்டான். அதுவும் தானே கூப்பிட்டு உட்கார வைத்த ஆள்!

அவர் ஓய்வெடுக்கப் போன ஊர் எது தெரியுமா? அல்ஜியர்ஸ். அரசாங்கத்துக்கு விஷயம் புரிந்து, செப்டம்பரில் பாரிஸ் வந்த சலானைத் திரும்பிப் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் அக்டோபரில் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். 1961 ஜனவரி 8-ல் பிரான்சில் வாக்கெடுப்பு. நாலில் மூணு பேர் சுயநிர்ணயத்துக்குச் சரி என்றார்கள். அதுக்கு அடுத்த வாரங்களில் மாட்ரிட்டில் உருவானதுதான் ஓ.ஏ.எஸ்.

1961 ஏப்ரல் 21 நள்ளிரவு. ஷால், ஜூவோ, ஸெல்லர் என்று மூன்று ஓய்வுபெற்ற ஜெனரல்கள் அந்நியப் படைப்பிரிவை வைத்து அல்ஜியர்ஸைக் கைப்பற்றினார்கள். 23-ம் தேதி ஸ்பெயினிலிருந்து விமானத்தில் நாலாவதாக சலான் வந்து சேர்ந்தார். 1958 மாதிரியே நடக்கும், பாரிஸ் நடுங்கும், அரசு கவிழும் என்று கணக்கு.

அன்னிக்கு ராத்திரி டி கோல் தன்னுடைய பழைய ராணுவச் சீருடையைப் போட்டுக்கொண்டு டிவியில் தோன்றினார். இவங்களை 'ஓய்வுபெற்ற ஜெனரல்களின் சிறு கும்பல்' என்று ஒரே போடாகப் போட்டார். அதில் 'ஓய்வுபெற்ற' என்கிற வார்த்தைதான் அடி. யாரும் இவங்க உத்தரவைக் கேட்க வேண்டாம் என்றார். தடை போட எல்லா வழியையும் பயன்படுத்தச் சொன்னார்.

அல்ஜீரியாவில் அப்போ நாலு லட்சத்துக்கு மேல் பிரெஞ்சு சிப்பாய்கள். பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இருபது வயசுப் பசங்க. பாலைவன முகாம்களில் பொழுது போக ஆளுக்கொரு டிரான்சிஸ்டர். அதுல நேரா டி கோல் குரல்! நடுவுல கர்னலோ மேஜரோ வடிகட்ட வழியில்லை. பசங்க லாரியை எடுக்க மறுத்தார்கள், ஆணையை 'தொலைத்தார்கள்', சும்மா உக்காந்தார்கள். நாலே நாளில் கதை முடிந்தது. ஷால் சரணடைந்தார். கொஞ்ச நாளில் ஸெல்லரும். அந்தப் பசங்களுக்கு வேண்டியது பேரரசு இல்லை, வீட்டுக்குப் போற கப்பல். சீருடை போட்ட எல்லாரும் தன்னை மாதிரிதான் யோசிப்பாங்க என்று சலான் நம்பியது தப்புக்கணக்கு.

சலானும் ஜூவோவும் சரணடையவில்லை. தலைமறைவு. ஜூலையில் ஆளில்லாமலேயே சலானுக்கு மரண தண்டனை.

அதுக்கப்புறம் நடந்ததைப் படிக்க வயித்தைப் பிசையும். ஓ.ஏ.எஸ். ஒரு நாள் முஸ்லிம் தபால்காரர்களைச் சுடும், இன்னொரு நாள் வேற தொழில்காரர்களை. 1962 பிப்ரவரி 7-ல் பாரிஸில் அமைச்சர் மால்ரோவின் வீட்டில் வைத்த குண்டில் கீழ்த்தளத்தில் இருந்த நாலு வயசுக் குழந்தைக்குப் பார்வை போனது. மார்ச் 15-ல் அல்ஜியர்ஸில் ஒரு கூட்டத்தில் இருந்த ஆறு கல்வி அதிகாரிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டாங்க. அதில் ஒருவர் எழுத்தாளர் முலூத் ஃபெரவூன், காம்யுவின் நண்பர். பிரெஞ்சில் எழுதியவர்! மே 2-ல் துறைமுகத்தில் வேலைக்காகக் காத்திருந்த கூலித் தொழிலாளர்கள் நடுவில் கார்குண்டு, அறுபதுக்கு மேல் சாவு. ஜூன் 7-ல் அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கே தீ வைத்தார்கள். பிரெஞ்சு நாகரிகத்தைக் காப்பாத்தறோம்னு கிளம்பினவங்க பிரெஞ்சுப் புத்தகங்களைக் கொளுத்தினாங்க. இதுக்கு மேல என்ன சொல்ல?

எல்லாத்தையும் சலான் நேரடியா உத்தரவு போட்டாரா? இல்லை. பல குழுக்கள் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. ஆனா பிப்ரவரி 23 தேதியிட்ட அவருடைய அறிவுறுத்தல் இருக்கிறது. போர் நிறுத்தம் வந்தால் அதை உடைக்க வேண்டும், பிரெஞ்சு போலீஸ் படைகளைச் சுட வேண்டும், கலவரச் சூழலை உண்டாக்க வேண்டும் என்கிறது அது. மார்ச் 18-ல் எவியான் ஒப்பந்தம், மறுநாள் போர் நிறுத்தம். 23-ம் தேதி அல்ஜியர்ஸின் பாபெல் ஊவெத் பகுதியில் ஓ.ஏ.எஸ். ஆட்கள் கட்டாய சேவைப் பசங்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவம் அந்தப் பகுதியைச் சுற்றி வளைத்தது. 26-ம் தேதி முற்றுகையை உடைக்க ஊர்வலம் வந்த நிராயுதபாணி ஐரோப்பியர்கள் மேல் இஸ்லி தெருவில் பிரெஞ்சுப் படை சுட்டது. நாற்பதுக்கு மேல் பிணம். 'பிரெஞ்சு அல்ஜீரியா வாழ்க' என்று கத்தின பிரெஞ்சுக்காரர்களை, பிரெஞ்சுக்கொடி போட்ட படையே சுட்டது. ஜெனரலின் திட்டம் கடைசியில் போய் நின்ற இடம் இதுதான்.

ஏப்ரல் 20 அன்று அல்ஜியர்ஸில் ஒரு அடுக்ககத்தில் பிடிபட்டார். சாயம் பூசிய தலை, மீசை, 'லூயி கரியேர்' என்று அடையாள அட்டை. முதலில் போலீசுக்கே இவர்தான் சலான் என்று நம்பிக்கை வரலையாம்.

மே மாதம் பாரிஸில் வழக்கு. சலான் நீளமா ஒரு அறிக்கை படித்தார். நான்தான் ஓ.ஏ.எஸ். தலைவன், பொறுப்பு முழுக்க என்னுடையது என்றார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு வாயே திறக்கவில்லை. பஸூக்கா வழக்கு பற்றிப் பேச அவர் தரப்பு சாட்சியாக வந்தவர்களில் ஒருவர் அப்போதைய எதிர்க்கட்சிக்காரர் மித்திரான். (இந்தப் பேரை நினைவு வெச்சுக்கங்க.) மே 23-ல் தீர்ப்பு, ஆயுள் சிறை. அவருக்குக் கீழே இருந்த ஜூவோவுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் மரண தண்டனை கொடுத்திருந்தார்கள்! டி கோலுக்கு வந்த கோபத்தில் அந்த நீதிமன்றத்தையே மூன்றே நாளில் கலைத்துவிட்டார். ஜூவோ தண்டனைக் குறைப்புக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாச்சு.

ஜூவோ பத்தி ஒரு வார்த்தை. நாலு பேரில் அல்ஜீரியாவிலேயே பிறந்தவர் அவர் ஒருத்தர்தான், ஓரான் பக்கம். மண்ணை இழக்கப்போறவர் நிஜத்தில் அவர்தான். ஜூன் மாதம் சிறையிலிருந்து, ஆயுதத்தை நிறுத்துங்க என்று ஓ.ஏ.எஸ்.ஸுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. இழப்பு பெருசா இருந்தவர் முதல்ல ஏத்துக்கிட்டார். ஜூன் 17-ல் ஓ.ஏ.எஸ்.ஸின் சுசினியே எஃப்.எல்.என். பக்கத்து ஆளோட உக்காந்து உடன்பாடு போட்டார். யாரோட பேசக்கூடாதுன்னு இத்தனை பேரைக் கொன்னாங்களோ, அவங்களோடவே பேசினாங்க.

எவியான் ஒப்பந்தத்தில் ஐரோப்பியர்கள் அங்கேயே தங்க உத்தரவாதங்கள் எழுதப்பட்டிருந்தன. அவை எவ்வளவு தூரம் நின்றிருக்குமோ, தெரியாது. எஃப்.எல்.என்.னும் பொதுமக்களைக் கொன்ற இயக்கம்தான், ஜூலை 5 அன்று ஓரானில் ஐரோப்பியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆனா முயற்சி பண்ணிப் பார்க்கிற வாய்ப்பையே ஓ.ஏ.எஸ். கொளுத்திவிட்டது. சில மாதங்களில் ஆறு லட்சத்துக்கும் மேலான கறுப்புக்கால்கள் ஆளுக்கு ரெண்டு பெட்டியோடு கப்பல் ஏறினார்கள். யாரைக் காப்பாத்தணும்னு சலான் துப்பாக்கி எடுத்தாரோ, அவங்களை ஊரைவிட்டு விரட்டுவதில் அவர் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைவிடப் பாவம், பிரெஞ்சுப் படையில் துணைவீரர்களாக இருந்த ஹர்க்கிகள் என்ற அல்ஜீரிய முஸ்லிம்கள். அவங்களை ஆயுதம் பிடுங்கி விட்டுவிட்டு வந்தார்கள். ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இந்த இடத்தில் மட்டும் சலானின் கோபத்துக்கு நியாயம் இருக்கு. பிரெஞ்சு அதிபர் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கவே 2021 ஆச்சு.

சலான் தரப்பு வாதம் ஒண்ணு உண்டு, சுலபமா தள்ள முடியாது. 1940-ல் பிரான்ஸ் அரசு ஜெர்மனியிடம் பணிந்தபோது ஒரு ஜெனரல் உத்தரவை மீறி லண்டன் போய் வானொலியில் பேசினார். அவருக்கும் ஆளில்லாமலேயே மரண தண்டனை கொடுத்தாங்க. அவர் பேரு டி கோல்! அவர் மீறினா வீரம், நாங்க மீறினா துரோகமா?

நான் யோசிச்ச வரைக்கும் பதில் இது. 1940-ல் டி கோல் மீறியது, தன் நாட்டில் இன்னொருத்தன் வந்து உக்காந்ததை ஏற்க மறுத்து. 1961-ல் சலான் மீறியது, இன்னொருத்தன் நாட்டில் தான் உக்காந்திருந்ததை விட மறுத்து. அவர் எதிர்த்தது சரணாகதியை இல்லை, சொந்த மக்கள் ஓட்டுப்போட்டுச் சொன்ன முடிவை. தொண்ணூறு லட்சம் பேருக்கு அதே 1940-ன் டி கோல் மாதிரி ஒரு மனசு இருக்கும் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தோணவே இல்லை. கூடவே நின்னு செத்த செனகல் சிப்பாய் எதுக்காகச் செத்தான் என்ற கேள்வியை அவர் கேட்டார். அந்த சிப்பாய்க்கு என்ன வேணும்னு கேட்கலை.

அப்புறம் என்ன ஆச்சு? 1968 மே கலவரத்தில் தடுமாறிய டி கோல் ராணுவத்தின் ஆதரவைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஜூனில் சலான் வெளியே வந்தார். ஜூலையில் பொது மன்னிப்பு. 1970 முதல் நாலு பாகமா நினைவுக்குறிப்பு எழுதினார். தலைப்பு 'ஒரு பேரரசின் முடிவு'. தலைப்பிலாவது ஒத்துக்கிட்டார்னு எடுத்துக்கலாம். 1982-ல் உயிரோடு இருந்த புரட்சி ஜெனரல்களுக்குப் பதவியும் சலுகைகளும் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வந்தது. கொண்டுவந்தது யாரு? அதிபர் மித்திரான். அவர் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள், நம்பிக்கை வாக்கெடுப்பு மிரட்டலைக் காட்டித்தான் நிறைவேற்ற முடிந்தது. கடைசியில் சலான் சட்டப்படியும் முறையா 'ஓய்வுபெற்ற ஜெனரல்' ஆனார்!

1984 ஜூலை 3-ம் தேதி இறந்தார். அல்ஜீரியாவின் விடுதலையை பிரான்ஸ் அங்கீகரித்தது 1962 ஜூலை 3. சரியா இருபத்திரண்டு வருஷம். இதில் விதி, கிதி எதுவும் இல்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் சொல்லாம இருக்க முடியலை.

நம்ம பக்கத்துக்கும் இதில் ஒரு வால் இருக்கு. புதுச்சேரி கைமாறியது 1954, இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. ஆனா பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை அங்கீகரித்தது 1962 ஜூலையில், அல்ஜீரியா கையைவிட்டுப் போன அதே மாதம். அதனாலதான் புதுச்சேரியின் சட்டப்பூர்வ இணைப்பு நாள் 1962 ஆகஸ்ட் 16. ஒரு நாட்டுக்குத் தன் காலம் முடிஞ்சதுன்னு ஒத்துக்க வெறும் எட்டு வருஷமும், கணக்கில் அடங்காத பிணங்களும் தேவைப்பட்டன.

அந்த ஜெனரலுக்கு அதுவும் போதலை.